நூறு சதவீதம் சரி, எத்தனை பேரில்? கொரோனா திரிபுகளைப் பின்தொடர வருபவருக்கு

2023 டிசம்பரில் பெங்களூரில் எங்கள் அல்சூர் அபார்ட்மென்ட்டின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். கர்நாடகத்தில் ஜேஎன்.1 என்ற கொரோனா திரிபு நூறு சதவீதம் என்று காட்டும் வரைபடம். கேரளத்தில் அந்தத் திரிபு தென்பட்ட செய்தி சூடாக இருந்த நேரம். பத்து நிமிடத்தில் இரண்டு வீட்டார் ஊருக்குப் போகும் டிக்கெட்டை ரத்து செய்யலாமா என்று கேட்டுவிட்டார்கள். இரண்டாம் மாடி மாமி, வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர், ஒரே ஒரு வரி எழுதினார்: "தம்பி, எத்தனை பேருக்குப் பார்த்துட்டு நூறுங்கிறாங்க?"

தேடிப் பார்த்தேன். அந்த வாரத்துக்கு இருந்த மாதிரி ஒன்றே ஒன்று. ஒன்றுக்கு ஒன்று. நூறு சதவீதம்தான், பொய் இல்லை.

எந்தத் திரிபு முந்துகிறது, எது பின்வாங்குகிறது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். ஒரு மடிக்கணினி, எக்செல் அல்லது கூகுள் ஷீட்ஸ், வாரத்துக்கு ஒரு மணி நேரம் இருந்தால் நடக்கும். மாமியின் கேள்வியை ஒவ்வொரு படியிலும் கேட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: உங்கள் சளியில் இருப்பது எந்தத் திரிபு என்று சாதாரண ஆர்டி-பிசிஆர் அறிக்கை சொல்லாது. நாம் பார்க்கப்போவது ஊரை, ஆளை அல்ல.

படி 1: எல்லையைப் போடுங்கள்

பெங்களூர் என்று தொடங்குவோம். ஆனால் பொதுவில் கிடைக்கும் தரவில் பெரும்பாலும் மாநிலப் பெயர்தான் இருக்கும். மாவட்டம் சில பதிவுகளில் மட்டும். ஆகவே நடைமுறையில் உங்கள் அலகு கர்நாடகம். அதோடு நின்றுவிட வேண்டாம். வெள்ளிக்கிழமை இரவு அத்திப்பள்ளி சுங்கச்சாவடியில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தவருக்குத் தெரியும், இந்த ஊருக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலத்துக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதிப் பெங்களூர் தெற்கே போய்த் திரும்புகிறது. வைரஸ் தனி பஸ்ஸில் வராது.

அதனால் கர்நாடகத்தையும் தமிழ்நாட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வையுங்கள்; ஒப்பிட கேரளம், மகாராஷ்டிரம். நான்கையும் கூட்டி ஒரே கோடாக்க மட்டும் கூடாது. எந்த மாநிலம் அதிக மாதிரிகளைப் பதிவேற்றுகிறதோ அதன் கதைதான் அந்தக் கோட்டில் தெரியும். சென்னையில் 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தனக்கென்று மரபணு வரிசைப்படுத்தும், அதாவது வைரஸின் மரபணுவை எழுத்து எழுத்தாகப் படிக்கும், ஆய்வகத்தைத் திறந்தது. ஓர் ஆய்வகம் வந்தால் அந்த மாநிலத்தின் எண்ணிக்கை கூடும். நோய் கூடியதாக அதற்குப் பொருளில்லை.

படி 2: பெயர்களோடு பழகுங்கள்

புதிதாக வருபவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆல்ஃபா, டெல்டா, ஒமிக்ரான் என்ற கிரேக்கப் பெயர்களை உலக சுகாதார நிறுவனம் 2021 மே கடைசியிலிருந்து வைக்கத் தொடங்கியது. அது செய்திக்கான பெயர். வேலைக்கான பெயர், பாங்கோ என்ற பெயரிடும் முறையில் வருவது: டெல்டாவுக்கு பி.1.617.2, ஒமிக்ரானுக்கு பி.1.1.529. புள்ளிகளை வீட்டு முகவரி போலப் படியுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு தலைமுறை கீழே. மூன்று புள்ளிக்கு மேல் நீண்டால் பெயர் வாயில் நுழையாது என்று புதிய எழுத்துகளைக் கொடுத்துவிடுவார்கள். பிஏ என்றால் பி.1.1.529 என்பதன் சுருக்கம். ஜேஎன்.1 என்றால் பிஏ.2.86.1.1. எக்ஸ் என்று தொடங்கினால் இரண்டு கிளைகள் ஒரே உடம்பில் சந்தித்துக் கலந்து பிறந்தது. எக்ஸ்பிபி அப்படித்தான், பிஏ.2-இன் இரண்டு வாரிசுகள் கலந்தது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. 2021 பிற்பாதியில் டெல்டாவின் பிள்ளைகளுக்கு ஏஒய் என்று பெயர் கொடுத்தார்கள். பட்டியலில் பி.1.617.2 என்று மட்டும் தேடியவருக்கு டெல்டா மளமளவென்று குறைவது போலத் தெரிந்தது. குறையவில்லை, பிள்ளைகள் வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஜேஎன்.1-க்கும் இதே கதை: கேபி.2, கேபி.3 இரண்டும் அதன் வாரிசுகள். ஆகவே அட்டவணையில் 'கிளை' என்று ஒரு பத்தியும் 'குடும்பம்' என்று ஒரு பத்தியும் வைத்துக்கொள்ளுங்கள். போட்டியைக் குடும்பத்துக்கும் குடும்பத்துக்கும் இடையில் பாருங்கள். வீட்டுக்குள் நடப்பதை அப்புறம் பார்க்கலாம்.

பெயர் சூட்டும் பட்டியல் அடிக்கடி புதுப்பிக்கப்படும். போன மாதம் ஒரு பெயரில் இருந்த மாதிரி இந்த மாதம் வேறு பெயரில் இருக்கும். பழைய கோப்பையும் புதிய கோப்பையும் ஒட்டாதீர்கள். ஒவ்வொரு முறையும் முழுதாகப் புதிதாக எடுங்கள்.

படி 3: மாதிரி எந்த வழியாக வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒருவருக்குக் காய்ச்சல். பரிசோதனைக்குப் போகிறார், எல்லோரும் போவதில்லை. பாசிட்டிவ் வருகிறது. சிடி மதிப்பு (பிசிஆரில் எத்தனையாவது சுற்றில் வைரஸ் தென்படுகிறது என்ற எண்) குறைவாக இருந்தால், அதாவது வைரஸ் நிறைய இருந்தால்தான் வரிசைப்படுத்த முடியும். 25-ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருப்பது நல்லது. மாதிரி ஆய்வகத்துக்குப் போகிறது. சுமார் 29,900 எழுத்துகள் கொண்ட மரபணுவைத் துண்டு துண்டாகப் படித்து ஒட்டுகிறார்கள்; கிடைப்பதுதான் 'வரிசை'. பாங்கோ பெயர் கொடுத்து, தரவகத்தில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சிலர் கழன்றுபோகிறார்கள், ஒவ்வொரு படியிலும் சில நாட்கள் போகின்றன.

இந்தியாவில் இதை ஒருங்கிணைப்பது இன்சாகாக் என்ற கூட்டமைப்பு. 2020 டிசம்பரில் பத்து ஆய்வகங்களோடு தொடங்கியது. அந்தப் பத்தில் இரண்டு நம் ஊரில்: ஒன்று மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், மற்றொன்று பல்லாரி சாலையில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்துக்குள் இருக்கும் என்சிபிஎஸ், இன்ஸ்டெம் என்ற உயிரியல் ஆய்வு நிறுவனங்களின் கூட்டு. தொடக்கத்தில் மாநிலங்கள் பாசிட்டிவ் மாதிரிகளில் 5 சதவீதத்தை அனுப்ப வேண்டும் என்று திட்டம். பிறகு, தேர்ந்தெடுத்த ஆய்வகங்களிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் முறை வைத்து எடுக்கும் காவல் முறைக்கு மாறினார்கள்.

இப்போது மாமியின் கேள்வியைக் கொஞ்சம் நீட்டிக் கேளுங்கள்: யாருடைய மாதிரி? விமான நிலையத்தில் எடுத்ததா, ஐசியூவில் எடுத்ததா, ஒரே கல்லூரி விடுதியில் எடுத்த இருபதா? விடுதி இருபது என்றால் அது இருபது தகவல் இல்லை, ஏறக்குறைய ஒரு தகவல். ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போன ஒரே சங்கிலி. 2021 டிசம்பர் 2 அன்று இந்தியாவின் முதல் இரண்டு ஒமிக்ரான் பாதிப்புகளை அறிவித்தபோது இரண்டும் பெங்களூரில் இருந்தன. ஒருவர் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தவர். மற்றவர் வெளிநாடு எங்கும் போகாதவர். பயணிகளை மட்டும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தால் அந்த இரண்டாமவர் கண்ணில் பட்டிருக்கவே மாட்டார்.

படி 4: தரவை எடுங்கள்

ஜிசெய்ட் என்ற தரவகத்தில்தான் இந்திய வரிசைகள் அதிகம். இலவசம், ஆனால் பதிவு செய்து விதிமுறைகளை ஏற்க வேண்டும். எடுத்த வரிசைகளை அப்படியே வெளியில் பகிரக் கூடாது, ஏற்றிய ஆய்வகங்களைக் குறிப்பிட வேண்டும். ஜென்பேங்க் முற்றிலும் திறந்தது. பதிவு செய்யும் பொறுமை இல்லாதவருக்கு கோவ்-ஸ்பெக்ட்ரம் போன்ற தளங்கள் இருக்கின்றன. இடம், காலம், கிளை கொடுத்தால் வாரவாரியான எண்ணிக்கை வரும். நெக்ஸ்ட்ஸ்ட்ரெய்ன் தளத்தில் வரும், திரிபுகளின் வம்சாவளியைக் காட்டும் வண்ண மரம் பார்க்க அழகு, எது எதிலிருந்து பிரிந்தது என்று புரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அந்த மரத்தின் இலைகளை எண்ணிச் சதவீதம் போடாதீர்கள். அது மொத்தத் தரவிலிருந்து சலித்தெடுத்த சிறு பகுதி.

முதல் நாளே ஒரு சிறு பயிற்சி: நெக்ஸ்ட்கிளேட் தளத்தில் மாதிரிக் கோப்பை ஏற்றிப் பாருங்கள். கணக்கெல்லாம் உங்கள் உலாவிக்குள்ளேயே நடக்கும், கோப்பு வெளியே போகாது. வூகான் மூல வரிசையோடு ஒப்பிட்டு எங்கெங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று காட்டும். படிக்க முடியாமல் போன இடங்களும் தெரியும். ஓர் இடம் படிக்கப்படாமல் போனால் அங்கே மாற்றம் இல்லை என்று அர்த்தமில்லை. டெல்டா காலத்தில் இந்தக் குழப்பம் நடந்தது: வைரஸின் மேலே முள் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பைக் புரதத்தின் 142-ஆம் இடத்தில் இருந்த மாற்றம் பல வரிசைகளில் காணோம். வைரஸில் இருந்தது; அப்போது பரவலாகப் புழங்கிய பிரைமர் தொகுப்பு (படிக்க வேண்டிய துண்டுகளைப் பிடித்துப் பெருக்கும் சிறு டிஎன்ஏ இழைகள்) அந்தத் துண்டைச் சரியாகப் பிடிக்கவில்லை.

படி 5: அட்டவணை

ஒரு வரிக்கு ஒரு மாதிரி. மாதிரி எடுத்த தேதி, மாநிலம், கிளை, குடும்பம், ஏற்றிய தேதி.

வரைபடம் போடுவது மாதிரி எடுத்த தேதியில். ஏற்றிய தேதியில் போட்டால், ஆய்வகம் மூன்று மாத மூட்டையை ஒரே நாளில் அவிழ்க்கும்போது உங்கள் வரைபடத்தில் இமயமலை முளைக்கும். இரண்டு தேதிகளுக்கும் உள்ள இடைவெளியைத் தனியே கணக்கிட்டு அதன் நடுமதிப்பை எழுதி வையுங்கள். அது மூன்று வாரம் என்றால் கடைசி மூன்று வாரத்துப் புள்ளிகளைச் சாம்பல் நிறத்தில் போடுங்கள். அவை இன்னும் வேகாத சோறு.

படி 6: கணக்கு

இந்தப் படிக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், கொஞ்சம் மெதுவாகப் போவோம். எண்கள் பாடத்துக்காக நான் வைத்தவை.

வாரம் நாற்பது வரிசைகள் வருகின்றன என்று கொள்வோம். நான்கு வாரத்தில் புதிய குடும்பம் 2, 4, 7, 12. மீதியெல்லாம் பழையது: 38, 36, 33, 28. சதவீதமாக 5, 10, 17.5, 30.

சதவீதத்தை வைத்து அடுத்த வாரத்தைச் சொல்லப் பார்த்தால் திணறுவீர்கள். ஏற்றம் முதலில் ஐந்து, பிறகு ஏழரை, பிறகு பன்னிரண்டரை. இப்படியே போனால் நூற்றைத் தாண்டிவிடாதா? தாண்டாது. நடுவில் வேகமாக ஏறி, மேலே போகப் போகத் தளரும், படுத்த எஸ் எழுத்து மாதிரி. அந்த வளைவை நேராக்க ஒரு வழி இருக்கிறது: புதியதைப் பழையதால் வகுங்கள். 2/38, 4/36, 7/33, 12/28. அதாவது 0.053, 0.11, 0.21, 0.43. வாரத்துக்கு வாரம் ஏறக்குறைய இரட்டிப்பு. இப்போது அடுத்த வாரத்தைச் சொல்லலாம்: சுமார் 0.86, சதவீதத்தில் 46. அதற்கடுத்து 63, 77, 87.

எக்செலில் இந்த விகிதத்துக்கு எல்என் சார்பைப் போட்டு இயல் மடக்கை எடுங்கள். மைனஸ் 2.94, மைனஸ் 2.20, மைனஸ் 1.55, மைனஸ் 0.85 என்று வரும். புள்ளிகள் ஏறத்தாழ ஒரே நேர்கோட்டில் உட்காரும். ஸ்லோப் சார்பு அதன் சாய்வைக் கொடுக்கும்: 0.69. விகிதம் இரட்டிக்க எத்தனை வாரம் என்று அறிய 0.693-ஐ அந்தச் சாய்வால் வகுத்தால் போதும்; இங்கே ஒரு வாரம். ஏதாவது ஒரு வாரத்தில் புதியது பூஜ்யம் என்றால் மடக்கை எடுக்க முடியாது. எல்லா வாரத்திலும் இரண்டு பக்கமும் அரை அரை கூட்டிக்கொள்ளுங்கள்.

கோடு நேராக இருந்தால் புதியதற்கு நிலையான அனுகூலம் இருக்கிறது என்று நம்பலாம். ஒரே வாரத்தில் துள்ளி அப்புறம் படுத்துவிட்டால் விடுதி, கல்யாண மண்டபம், ஒரே விமானம் இப்படி ஏதாவது இருக்கும்.

சரி, மாமியிடம் திரும்புவோம். முதல் வாரத்தில் 40-இல் 2 என்று சொன்னோமே, அந்த 5 சதவீதத்தை எவ்வளவு நம்பலாம்? 95 சதவீத நம்பக எல்லையை (உண்மையான பங்கு எதற்குள் இருக்கலாம் என்ற வரம்பை) வில்சன் என்ற புள்ளியியல் முறையில் போட்டால் ஒன்றரை சதவீதத்திலிருந்து பதினாறரை வரை எதுவாகவும் இருக்கலாம். 30-இல் 3 என்றால் 10 சதவீதம், எல்லை மூன்றரையிலிருந்து இருபத்தாறு வரை. 300-இல் 30 என்றாலும் 10 சதவீதம்தான், எல்லை ஏழிலிருந்து பதினாலு. எண் ஒன்றே, கனம் வேறு. ஒவ்வொரு புள்ளிக்கும் மேலும் கீழும் இந்த எல்லையை ஒரு குச்சியாகப் போடுங்கள். குச்சி இல்லாத வரைபடத்தை நான் இப்போதெல்லாம் திறப்பதே இல்லை.

'இங்கே இன்னும் வரவில்லை' என்று சொல்வதற்கும் விதி உண்டு. 30 மாதிரி பார்த்து ஒன்றும் இல்லை என்றால், மூன்றை முப்பதால் வகுங்கள்: 10 சதவீதம் வரை ஒளிந்திருக்கலாம். ஒரு சதவீத அளவில் இருப்பதை 95 சதவீத உறுதியோடு ஒரு முறையாவது பிடிக்க ஏறக்குறைய 300 மாதிரி வேண்டும்.

படி 7: பங்கு வேறு, எண்ணிக்கை வேறு

ஜூலை பிறந்ததும் கே.ஆர். மார்க்கெட் பக்கம் போய்ப் பாருங்கள். மே மாதத்தில் பாதாமி, ரஸ்புரி மாம்பழங்கள் குவிந்திருந்த இடத்தில் நாலு வண்டிதான் நிற்கும், நாலிலும் நீலம் மாம்பழம். நீலத்தின் பங்கு எகிறிவிட்டது. ஊரில் மாம்பழம் குறைந்துவிட்டது. திரிபிலும் இப்படி நடக்கும், புதியது தொண்ணூறு சதவீதம், மருத்துவமனை காலி.

இதற்கு நேர் எதிரானதுதான் ஆபத்து. மேலே பார்த்த அதே நான்கு வாரத்தில் மொத்தப் பாதிப்பு 1000, 800, 600, 450 என்று இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரே நிம்மதியாக இருக்கும். பங்கைப் பெருக்கினால் பழையது 950-இலிருந்து 315-க்கு விழுந்திருக்கிறது; புதியதோ 50, 80, 105, 135 என்று ஏறியிருக்கிறது. இறங்கும் கோட்டுக்குள் ஏறும் கோடு. 2021 பிப்ரவரியில் நாடு முழுக்க நாளொன்றுக்குச் சுமார் பத்தாயிரம் பேர் என்று எண்ணிக்கை படிந்திருந்தபோது, மகாராஷ்டிரத்தில் டெல்டாவும் சேர்ந்த பி.1.617 குடும்பம் உள்ளே ஏறிக்கொண்டிருந்தது. மே முதல் வாரத்தில் நாளொன்றுக்கு நாலு லட்சத்தைத் தாண்டினோம்.

ஆகவே எப்போதும் இரண்டு படம்: மேலே பங்கு, கீழே பங்கைப் பாதிப்பு எண்ணிக்கையால் பெருக்கியது. பரிசோதனை குறைந்துபோன காலத்தில் பாதிப்பு எண்ணிக்கையையும் நம்ப முடியாது. அப்போது மருத்துவமனை அனுமதி எண்ணிக்கை, இல்லாவிட்டால் அடுத்து வருவது.

படி 8: சாக்கடையைக் கேளுங்கள்

பரிசோதனைக்குப் போகாதவரும் கழிவறைக்குப் போயாக வேண்டும். பெங்களூரில் 2022இல் 28 கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் தொடர்ந்து மாதிரி எடுத்துப் பார்த்தார்கள். ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சம் பேரின் கழிவு அதில் அடங்கும். ஒரு குப்பியில் ஆயிரம் வீட்டு வைரஸ் கலந்திருப்பதால் முழு வரிசை கிடைக்காது. துண்டுகளில் எந்த மாற்றம் எத்தனை பங்கு என்று பார்த்துக் கலவையைப் பிரிக்க ஃப்ரேயா என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள்.

மழை பெய்தால் எல்லாம் நீர்த்துப்போகும். அதைச் சரிக்கட்ட, மனிதக் கழிவில் எப்போதும் இருக்கும் ஒன்றோடு ஒப்பிட வேண்டும். அதற்குப் பரவலாக எடுத்துக்கொள்வது குடைமிளகாய், மிளகாய்ச் செடிகளைத் தாக்கும் ஒரு வைரஸ். நாம் சாப்பிடும் மிளகாய் வழியாக உள்ளே போய் அப்படியே வெளியே வருகிறது. ஆந்திரா மெஸ்கள் இத்தனை உள்ள ஊரில் அதற்குத் தட்டுப்பாடு வராது.

ஓர் எச்சரிக்கை: இங்கே பெரிய அபார்ட்மென்ட்களில் பல சொந்தச் சுத்திகரிப்பு நிலையம் வைத்திருக்கின்றன. அந்தத் தண்ணீர் தோட்டத்துக்கும் ஃப்ளஷ்ஷுக்கும் போய்விடும், மாநகரக் குழாய்க்கு முழுதாக வராது. சாக்கடையிலும் விடுபட்டவர்கள் உண்டு.

படி 9: குறுக்கு வழி, காரணம்

வரிசைப்படுத்த நாளாகும் என்பதால் பிசிஆரிலேயே ஒரு குறுக்கு வழி பார்த்தார்கள். ஆல்ஃபாவிலும் ஒமிக்ரானின் பிஏ.1-இலும் ஸ்பைக் மரபணுவில் ஒரு சிறு துண்டு இல்லை. சில பிசிஆர் கிட்களில் மற்ற மரபணுக்கள் பாசிட்டிவ், எஸ் (ஸ்பைக்) மட்டும் வராது. டெல்டாவுக்கு வரும். ஆகவே 2021 டிசம்பரில் அது நல்ல அடையாளம். அடுத்த மாதமே இந்தியாவில் பிஏ.2 பெருகியது, அதில் அந்தத் துண்டு பத்திரமாக இருந்ததால் அடையாளம் பயனற்றுப்போனது. எந்தக் குறுக்கு வழிக்கும் காலாவதித் தேதி உண்டு.

ஒன்று ஏன் முந்துகிறது என்று சாய்வு சொல்லாது. அதிகம் தொற்றுவதாலா, பழைய எதிர்ப்பாற்றலிலிருந்து தப்புவதாலா, முதலில் வந்து இடம் பிடித்ததாலா? 2021 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தில் முதலில் தலை தூக்கியது கப்பா, பி.1.617.1. அண்ணன்தான் ஜெயிப்பான் என்று தோன்றியது. தம்பி டெல்டா தள்ளிவிட்டான். அதே வேளை பஞ்சாபிலும் டெல்லியிலும் ஆல்ஃபா ஏறிக்கொண்டிருந்தது, அதையும் டெல்டாதான் ஓரங்கட்டியது. ஒரே ஒரு மாநிலத்தில் முந்துவதைப் பார்த்துக் கட்சி கட்டாதீர்கள். எதிர்ப்பாற்றல் வேறு, திருவிழா வேறு என்றிருக்கும் இரண்டு மூன்று இடங்களிலும் அதே சாய்வு வந்தால் காரணம் வைரஸில் இருக்கிறது. வேகமாகப் பரவுவது கடுமையான நோய் தரும் என்பதற்கும் இந்தக் கணக்கில் எந்தச் சாட்சியும் கிடையாது. அதற்கு மருத்துவமனைத் தரவு வேண்டும்.

படி 10: வெளியே சொல்லும்போது

நான் இப்போது குழுவில் எழுதுவது இப்படி இருக்கும்: 'கர்நாடகம், மாதிரி எடுத்த தேதி இன்னது முதல் இன்னது வரை, 40-இல் 12, எல்லை 18 முதல் 45 சதவீதம், கடைசி மூன்று வாரம் முழுமையாகவில்லை.' படம் கடைசியில், வேண்டுமென்றால்தான். யாருடைய வீடு, எந்த மருத்துவமனை என்று மாதிரிக் குறிப்பில் இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். முதல் அலையில் வீட்டு வாசலில் நோட்டீஸ் ஒட்டியதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை.

வாரத்துக்குப் பத்து மாதிரிகூடத் தேறாத காலமும் வரும். அப்போது நான்கு வாரத்தைச் சேர்த்து ஒரு புள்ளியாக்குங்கள். அப்படியும் தேறாவிட்டால் கோடு போட வேண்டாம், சதவீதமும் வேண்டாம். '5-இல் 3' என்று மட்டும் எழுதிவிட்டு அடுத்த மாதம் பாருங்கள்.